ரத்தக்குழாய் விறைப்பு, ரத்த உறைவு பேக்கேஜ் (கோவை): மெஷினுக்கு நாலு மார்க், லேப் கவுண்டருக்கு ஒண்ணு

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன்: 3,400 ரூபாய். இதில் இரண்டு பகுதி. கை ரெண்டு, கால் ரெண்டு, நாலிலும் பட்டை கட்டி ரத்தக்குழாய் எவ்வளவு விறைத்துப் போயிருக்கிறது என்று பார்ப்பது ஒன்று. ரத்தம் உறையும் வாய்ப்பைப் பார்க்கிறோம் என்று ஐந்து ரத்தப் பரிசோதனை எடுப்பது இன்னொன்று. 'பி.பி. உள்ளவர்களுக்கான சிறப்புப் பேக்கேஜ்' என்று வாசலில் ஆளுயர பேனர். அவினாசி ரோட்டை ஒட்டிய ஒரு லேப். பேர் போடவில்லை. இதே மாதிரி பேக்கேஜை வேறு இடங்களிலும் விற்கிறார்கள்; எங்கே போனாலும் கவனிக்க வேண்டியதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு 61 வயது. ஆவாரம்பாளையத்தில் பம்ப்செட் வியாபாரம், ரிப்பேரும் உண்டு. பி.பி. மாத்திரை வருஷக்கணக்காக ஓடுகிறது. சர்க்கரை இல்லை, பீடி சிகரெட் இல்லை. ஊறுகாய் இல்லாமல் தயிர்சாதம் இறங்காது.

இந்தச் சோதனைக்குப் போகக் காரணம் என் மச்சான். அவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்து, வலது கை விழுந்துவிட்டது. சொந்தபந்தம் எல்லாம் "பிரஷர் ஏறி மூளைல நரம்பு வெடிச்சிருச்சு" என்று பேசிக்கொண்டிருந்தபோது ஸ்கேன் பார்த்த டாக்டர், "வெடிக்கலைங்க, அடைச்சிருக்கு. ரத்தக்கட்டி" என்றார். எனக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. பிரஷர் கூடினால் பைப் வெடிக்கத்தானே வேண்டும்? அடைப்பு எங்கிருந்து வருகிறது? முப்பது வருஷமாகப் பம்ப் ஓட்டுகிறவனுக்கு இது தூக்கம் கெடுக்கிற கேள்வி.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், இது என் ஒருவனுக்கு மட்டும் வந்த சந்தேகம் இல்லை. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு வரும் பக்கவாதத்திலும் மாரடைப்பிலும் பெரும்பகுதி அடைப்பினால்தான், வெடிப்பினால் அல்ல. இங்கிலாந்தில் பர்மிங்காம் மருத்துவர்கள் கையில் எடுத்து ஆராய்ந்ததால் இதற்கு 'பர்மிங்காம் முரண்' என்றே பேர். விடை அதற்கும் முன்னால் 1850களிலேயே ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோ எழுதியதில் இருக்கிறது. குழாய்க்குள் ரத்தம் கட்ட மூன்று சங்கதி கெட வேண்டும்: குழாயின் சுவர், ரத்தத்தின் ஓட்டம், ரத்தத்தின் சேர்மானம். நாள்பட்ட பி.பி. மூன்றிலும் கை வைக்கிறது. குழாயின் உள்பூச்சு நல்ல நிலையில் இருந்தால் நைட்ரிக் ஆக்சைடு மாதிரி பொருள்களைச் சுரந்து, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். அழுத்தம் அடித்து அடித்து அந்தப் பூச்சு கெட்டால் தட்டணு ஒட்டும், கொழுப்புப் படியும், படிந்தது ஒரு நாள் கீறும், கீறிய இடத்தில் ரத்தம் கட்டும்.

இவ்வளவு தெரிந்த பிறகு பேனரைப் பார்த்தால் போகாமல் இருக்க முடியுமா?

இரண்டாவது மாடி. லிப்ட் ஸ்ட்ரெச்சருக்கு மட்டும் என்று தாள் ஒட்டியிருக்கிறது. வரவேற்பில் எடை, உயரம் பார்த்துச் சீட்டில் எழுதினார்கள்: 164 செ.மீ. அடுத்து ரத்தம் எடுத்தார்கள். ஊசி போட்ட தம்பி கைராசிக்காரர், தெரியவே இல்லை. அங்கிருந்து நேராக ஒரு குளிர்ந்த அறை. மெஷின் முதல் தரம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு மேல்கையிலும் இரண்டு கணுக்காலிலும் பட்டை. மணிக்கட்டில் இசிஜி கிளிப். நெஞ்சின் மேல் சின்ன மைக், இதயச் சத்தம் கேட்க. நாலு பட்டையும் ஒரே சமயத்தில் உப்பி இறுக்கும்போது ஆளை மூட்டையாகக் கட்டுகிறார்களோ என்று தோன்றும். வலி இல்லை. சில நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அந்த வேகம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. இந்தச் சோதனைக்கு முன்னால் ஆளைப் பத்து நிமிஷமாவது சும்மா படுக்கவிட வேண்டும். மூன்று மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, சிகரெட் கூடாது. எனக்கு முன்னால் போன பெரியவர் கையில் டீ டம்ளரோடு உள்ளே போனார். நான் மாடி ஏறி, ரத்தம் கொடுத்து, மூச்சு அடங்குவதற்குள் பட்டையை இறுக்கியாயிற்று. அப்போது காட்டிய பி.பி. 158/84. வீட்டில் எனக்கு அவ்வளவு இருப்பதில்லை. அளக்கிற நேரத்தில் பி.பி. கூடியிருந்தால் விறைப்பு எண்ணும் கூடித்தான் வரும். குழாய் உப்பி இழுபட்டிருக்கும்போது அது தற்காலிகமாக இன்னும் விறைக்கும்.

இந்த மெஷின் அளப்பது என்ன என்பதை மட்டும் என் தொழில் பாஷையில் சொல்லிவிடுகிறேன். மோட்டாரைத் திடீரென்று நிறுத்தினால், தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் 'நான்-ரிட்டர்ன்' வால்வு டப்பென்று மூடி பைப் முழுக்க ஒரு அதிர்ச்சி ஓடும். வாட்டர் ஹேமர் என்போம். ஓடுவது தண்ணீர் இல்லை, அழுத்தத்தின் அலை. ஜி.ஐ. இரும்புப் பைப்பில் அந்த அலை வினாடிக்கு 1000 மீட்டருக்கு மேல் போகும்; பி.வி.சி.யில் அதில் பாதிகூட இருக்காது. பைப் எவ்வளவு விறைப்போ அலைக்கு அவ்வளவு வேகம். இந்தக் கணக்கின் சூத்திரத்தை 1878-ல் எழுதிய கோர்ட்டவெக் என்ற டச்சுக்காரரின் பேர்தான் இன்று டாக்டர்களின் புத்தகத்திலும் இருக்கிறது, எங்கள் பைப்லைன் கணக்கிலும் இருக்கிறது. சூத்திரத்துக்குள் உட்கார்ந்திருக்கும், பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்ணான யங் மாடுலஸ் தாமஸ் யங்கின் பேர். அவர் ஒரு டாக்டர், 1808-ல் இதயமும் தமனிகளும் எப்படி வேலை செய்கின்றன என்று லண்டனில் சொற்பொழிவே ஆற்றியவர். அதற்கும் முன்னால் 1733-ல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார், குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாய் சொருகி ரத்தம் எட்டு அடிக்கு மேல் ஏறுவதைப் பார்த்தவர், தமனியின் நெகிழ்ச்சியைத் தீயணைப்புப் பம்ப்பின் ஏர் வெசலோடு (அடியின் அதிர்வை வாங்கி ஓட்டத்தைச் சீராக்கும் காற்றுக் கலம்) ஒப்பிட்டிருக்கிறார். ஏர் வெசல் வேலை செய்யாத பிஸ்டன் பம்ப்பின் பிரஷர் கேஜைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை: முள் மேலே தாவும், கீழே விழும்.

நம் பெருந்தமனியும் அதே கதைதான். இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை அடிக்கிறது. அத்தனை தடவையும் விரிந்து சுருங்க எலாஸ்டின் என்ற நார் இருக்கிறது. அது சின்ன வயதில் அமைவதுதான், பிற்பாடு உடம்பு அதைப் புதிதாகப் போட்டுத் தருவது மிகக் குறைவு. நைந்துபோன இடத்தில் கெட்டியான கொலாஜன் ஏறும், சுண்ணாம்பு படியும். பி.பி. உள்ளவர்களுக்கு இது முன்கூட்டியே நடக்கும். அப்புறம் மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும். அடியின் அதிர்வு மட்டுப்படாமல் மூளையிலும் சிறுநீரகத்திலும் இருக்கும் பொடிக் குழாய்கள் வரை போய் இடிக்கும்.

ரிப்போர்ட் மாலையே வாட்ஸ்அப்பில் வந்தது. அதற்கு ஒரு சபாஷ். கலர் கிராஃப், வயது வாரியாகப் பட்டை, நடுவில் என் புள்ளி சிவப்பில். நாடி அலை வேகம் 1720 செ.மீ., அதாவது வினாடிக்கு 17.2 மீட்டர். கவுண்டர் பக்கத்துச் சுவரில் இருந்த படம் ஞாபகம் வந்தது: '10-க்கு மேல் போனால் ஆபத்து'. என் மகள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, பத்துக்கு மேல ஆபத்துன்னு போட்டிருந்தாங்களே, உங்களுக்குப் பதினேழு இருக்கு" என்று அழுகிற குரலில் கேட்டாள். போன் பண்ணினேன். 'ஹெல்த் அட்வைசர்' என்று ஒருவரைப் பேசவிட்டார்கள். "ஆமாங்க சார், ரொம்ப ஹை. அடுத்த பேக்கேஜ்ல ஹார்ட் சிடி இருக்கு, புக் பண்ணிடலாமா?" என்றார்.

இதுதான் இந்த லேபின் மேல் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம். அந்தப் பத்து, கழுத்துத் தமனியிலிருந்து தொடைத் தமனி வரை அளக்கும் வேறு முறைக்கு உண்டானது. ஐரோப்பிய வழிகாட்டுதலில் இருப்பது. இவர்கள் அளப்பது கையிலிருந்து கணுக்கால் வரை. இதில் காலின் குழாய்களும் சேருகின்றன. அவை இயல்பிலேயே விறைப்பு, அலை வேகமாகத்தான் ஓடும். இந்த முறையை அதிகம் பயன்படுத்தும் ஜப்பானில் 1400-ஐ எச்சரிக்கைக் கோடாகவும் 1800-ஐ உறுப்புப் பாதிப்புக்கான கோடாகவும் வைக்கிறார்கள். ஒரு முறையின் எண்ணை எடுத்து இன்னொரு முறையின் கோட்டில் வைத்தால் உள்ளே வருகிற எல்லோருமே ஆபத்தானவர்கள்தான். அடுத்த பேக்கேஜ் விற்பதற்கு வசதி.

இரண்டாவது சங்கதி இன்னும் நுணுக்கம். ரிப்போர்ட்டின் மேல் மூலையில் என் உயரம் 172 என்று இருந்தது. வரவேற்புச் சீட்டில் 164. உள்ளே இருந்த பெண் கண்ணால் பார்த்துத் தட்டியிருக்கிறது. எட்டு செ.மீ. தானே என்று நினைக்கலாம். ஆனால் இந்த மெஷின் உங்கள் உடம்பில் டேப் வைத்து அளப்பதில்லை. நாடி கைக்கு வரும் நேரத்துக்கும் கணுக்காலுக்கு வரும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் அளக்கிறது. எனக்கு அது 0.068 வினாடி. தூரத்தை, தட்டிவிட்ட உயரத்திலிருந்து ஒரு சூத்திரம் போட்டு எடுத்துக்கொள்கிறது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். உயரம் தப்பானால் தூரம் தப்பு, தூரம் தப்பானால் வேகம் தப்பு. 164 போட்டு நானே கணக்குப் பார்த்தேன்: சுமார் 1650. பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் 1800 கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு இந்த 70 அந்தப் பக்கமும் தள்ளும், இந்தப் பக்கமும் தள்ளும்.

மறுநாள் நேரில் போய்க் காட்டினேன். "அம்மிணி, நான் அவ்வளவு உசரமா தெரியறனா?" என்று கேட்டதும் அந்தப் பெண் சிரித்துவிட்டது, பாவம். மேனேஜர் சிரிக்கவில்லை. அலைப் பதிவு மெஷினுக்குள்ளேயே இருக்கும்போது உயரத்தை மாற்றி மறுபடி பிரிண்ட் போடலாமே என்றேன். "சிஸ்டத்துல அப்ரூவ் ஆயிடுச்சு சார், திரும்ப எடுக்கணும்னா பாதி சார்ஜ்" என்றார். நான் விற்ற மோட்டாரின் நேம்பிளேட்டில் குதிரைத்திறன் தப்பாக அடித்திருந்தால் வாடிக்கையாளரிடம் இப்படிப் பேச முடியுமா?

இனி ரத்த உறைவுப் பேனல். தட்டணு எண்ணிக்கை; ரத்தம் உறைய ஆகும் நேரத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர்., ஏ.பி.டி.டி.; ரத்தக்கட்டி கரையும்போது வரும் துணுக்கான டி-டைமர்; ரத்தம் உறைய உதவும் புரதமான ஃபைப்ரினோஜென். முதல் நாலும் நார்மல். ஃபைப்ரினோஜென் 412, பக்கத்தில் 'அதிகம்' என்று சிவப்பு. மேல் வரம்பு 400.

எங்கள் குடும்ப டாக்டர் பீளமேட்டில் இருக்கிறார், ரிப்போர்ட்டைத் தலைகீழாகக் கொடுத்தாலும் பொறுமையாகத் திருப்பிப் படிப்பவர். "போன வாரம் சளி புடிச்சிருந்துச்சுங்களா?" என்றார். ஆமாம், தொண்டை கட்டியிருந்தது. "அவ்வளவுதானுங்க. உடம்புல எங்க வீக்கம், கிருமி இருந்தாலும் இது ஏறும்." பி.பி. உள்ளவர்களை ஆயிரக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால் ஃபைப்ரினோஜென் சராசரி சற்றுக் கூடுதலாக இருப்பது உண்மைதானாம். ஆனால் தனியாள் ஒருவரின் 412-ஐ வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது, அதைக் குறைக்க என்று மாத்திரையும் கிடையாது. டி-டைமர், கால் வீங்கியோ மூச்சு முட்டியோ வருகிறவருக்கு ரத்தக்கட்டி இல்லை என்று தள்ளுவதற்கான சோதனை. நன்றாக நடமாடுகிறவருக்கு எதிர்காலம் சொல்வதற்கல்ல. ஐ.என்.ஆர்., வார்ஃபரின் வகை உறைவு தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அளவு பார்க்க. தட்டணு எண்ணிக்கை எத்தனை இருக்கிறது என்று சொல்லும், எவ்வளவு ஒட்டும் என்று சொல்லாது. ஆக பேக்கேஜில் இந்தப் பாதி, காசுக்குப் பிடித்த கேடு. மார்க் போட ஒன்றுமில்லை.

இதைச் சொல்லிக்கொண்டே அவர் என் மணிக்கட்டைப் பிடித்து முழுசாக ஒரு நிமிஷம் நாடி பார்த்தார். "காசில்லாம பாக்கற உறைவுச் சோதனை இதுதானுங்க" என்றார். பி.பி. நாள்பட்டால் இதயத்தின் இடது மேலறை பெருத்து, தாளம் தப்பித் துடிக்க ஆரம்பிக்கலாம். அந்த அறையின் ஒரு மூலையில் ரத்தம் தேங்கிக் கட்டி, அது மூளைக்குப் போனால் பக்கவாதம். நாடி தாறுமாறாக இருந்தால் ஒரு இசிஜி போதும். உறுதியானால் அதற்கென்று உறைவு தடுப்பு மாத்திரை உண்டு, பலன் தெளிவாகத் தெரிந்தது. வீட்டு பி.பி. மெஷின்கள் பலவற்றிலும் இதற்காக ஒரு குறி மின்னும். அடிக்கடி மின்னினால் அலட்சியம் வேண்டாம் என்றார்.

அந்த ஹெல்த் அட்வைசர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: ஆஸ்பிரின் 75. எங்கள் தெருவில் வாக்கிங் போகிற கூட்டத்தில் பாதிப் பேர் 'ரத்தம் கெட்டியாகாம இருக்க' என்று அதை விழுங்குகிறார்கள், யாரும் எழுதிக் கொடுக்காமலே. டாக்டரிடம் கேட்டேன். "பிரஷர் கட்டுக்குள்ள இல்லாத ஆளு ஆஸ்பிரின் போட்டா, அடைக்காத எடத்துல கசிய ஆரம்பிக்குமுங்க." வீட்டுக்கு வந்து தேடினேன். 1998-ல் வெளியான 'ஹாட்' ஆய்வு, 26 நாடுகளில் 18,790 பி.பி. நோயாளிகள். ஆஸ்பிரின் 75 சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு 36 சதவீதம் குறைந்தது, பக்கவாதம் குறையவில்லை, உயிர் போகாத பெரிய ரத்தக்கசிவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. 2018-ல் வந்த 'ஆஸ்ப்ரீ', பெரும்பாலும் எழுபது தாண்டிய ஆரோக்கியமானவர்களிடம் செய்தது. இதய நோயில் சொல்லிக்கொள்ளும் லாபம் இல்லை, ரத்தக்கசிவு அதிகம். ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்து, ஸ்டென்ட் வைத்து, டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பவர்கள் கதை வேறு. இதைப் படித்துவிட்டு யாரும் நிறுத்திவிட வேண்டாம். என் மச்சான் சாப்பிடுகிறார், சாப்பிட்டே ஆக வேண்டும்.

டாக்டர் கடைசியில் செய்தது என்ன? நான் சாப்பிட்டுவரும் பி.பி. மாத்திரை அம்லோடிபினோடு டெல்மிசார்டன் 40 என்ற இன்னொரு பி.பி. மாத்திரையும் சேர்த்தார், ஊறுகாயையும் அப்பளத்தையும் திட்டினார், சிறுநீரில் ஆல்புமின் பார்க்க எழுதினார். 1720 வந்திருந்தாலும் 1650 வந்திருந்தாலும் 1500 வந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன் என்றார். விறைப்புச் சோதனை பொய்யில்லை, நல்ல அறிவியல். மாத்திரை ஆரம்பிக்கலாமா வேண்டாமா என்று இரண்டும்கெட்டான் நிலையில் இருக்கும் இளவயதுக்காரர்களுக்கு அது ஒரு பக்கம் சாய்க்க உதவும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் என் மாதிரி ஆளுக்கு அதனால் மாறப்போவது கொஞ்சம்.

அதோடு விறைப்பின் நிழலை வீட்டு மெஷினிலேயே பார்க்கலாம். மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழியுங்கள். 120/80 என்றால் 40. லேபில் எனக்கு 74. வயதானவர்களுக்கு இது 60-ஐத் தொட்டுவிட்டால் பெருந்தமனி விறைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். "கீழ் நம்பர் நார்மல்தான்" என்று திருப்திப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கீழ் எண் இறங்குவதே விறைப்பின் வேலையாக இருக்கலாம். மேல்கையில் சரியான அளவுப் பட்டை, ஐந்து நிமிஷம் முதுகு சாய்த்து உட்கார்ந்து, பேச்சில்லாமல், காலையும் மாலையும் ஒரு வாரம் எடுத்துச் சராசரி போட்டு 135/85-க்குள் இருந்தால் சரி. எங்கள் பக்கத்து ஃபவுண்டரியில் வேலை செய்பவரின் அம்மாவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி. பார்த்து மாத்திரையும் வீட்டுக்கே கொடுத்துவிட்டுப் போகிறார்கள். 2021-லிருந்து நடக்கிறது, பைசா செலவில்லை. என் 3,400-ஐவிட அந்த அம்மாவுக்குக் கிடைத்தது அதிகம் என்று தோன்றுகிறது.

லேபைப் பற்றி நல்லதாக ஒன்று பாக்கி இருக்கிறது. நாலு பட்டையிலிருந்தே கணுக்கால் பி.பி.யைக் கை பி.பி.யால் வகுத்து ஒரு விகிதம் தருகிறார்கள். எனக்கு 1.08, 1.11. 0.9-க்குக் கீழே வந்தால் கால் குழாயில் அடைப்பு, 1.4-க்கு மேல் போனால் குழாய் சுண்ணாம்பேறி அமுங்க மறுக்கிறது. இது நிஜமாகவே பயனுள்ள எண். சர்க்கரையோ சிகரெட்டோ இருந்து, கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்பவர்கள் இதை மட்டும் தனியாகக் கேளுங்கள். 900 ரூபாய்க்கு எடுக்கிறார்கள். விலைப்பட்டியலில் கிடையாது, வாய்விட்டுக் கேட்டால்தான் சொல்வார்கள். காலையில் எட்டு மணிக்கு முன்னால் போனால் கூட்டம் இருக்காது, படுக்கையில் பத்து நிமிஷம் கிடக்க விடுவார்கள். உள்ளே போனதும் உங்கள் உயரத்தைச் சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.